உங்களுக்குத் தெரியுமா? அரசு வீடு வந்தால் பக்கத்து மனையின் விலை என்ன ஆகும்?

கொல்லிமலையின் 14 நாடுகளில் (ஊர்த் தொகுதிகளில்) எடப்புளி நாடும் ஒன்று. இங்கே அரசு வீடு என்றால் அடுக்குமாடி இல்லை. பட்டா வைத்திருப்பவர் தன் இடத்திலேயே கட்டிக்கொள்ளும் தனி வீடுதான். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அதன் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, அதற்கு ரூ.3.50 லட்சம். இப்படிச் சிதறி எழும் வீடுகள் பக்கத்து நிலத்தின் விலையை அசைப்பதில்லை. அங்கே விலையை ஏற்றுவது தார்ச்சாலை.

போதாததற்கு, அரசு பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலத்தை வெளியார் பெயருக்கு மாற்றக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் பழங்குடிப் பகுதிகளுக்கென அரசியலமைப்பு தரும் ஐந்தாவது அட்டவணைப் பாதுகாப்பு தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் கிடையாது.

பிரதமர் திட்டத்தின் அடிப்படைத் தொகை சமவெளிக்கு ரூ.1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் ரூ.1.30 லட்சம். மேடேறுவதற்கான கூடுதல் வெறும் பத்தாயிரம்! அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் கொல்லிமலையின் செம்மேட்டுக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டவர் யாரும் சிமென்ட் மூட்டைக்கு லாரி வாடகை பேசியவராகத் தெரியவில்லை.

விலை ஏறுமா இறங்குமா என்ற கேள்வி சூடாக எழுவது புறநகரில்தான். சென்னையின் தென்கோடியைப் பாருங்கள். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) 2000-ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகரை எழுப்பியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேல். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். "இனி இந்தப் பக்கம் யார் மனை வாங்குவார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. நடந்தது வேறு. டைடல் பார்க் 2000-ல் திறந்தது, பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. வழித்தடமானது, பெரும்பாக்கத்தைச் சுற்றித் தனியார் அடுக்குமாடிகள் முளைத்தன, பெரிய மருத்துவமனை வந்தது, 2022-ல் செம்மொழித் தமிழாய்வு நிறுவனமும் அங்கே குடிபோனது. வேலையும் சாலையும் தேடி வந்த விலையை வாரியக் குடியிருப்பு தடுத்துவிடவில்லை. ஆனால் ஏறிய விலையால் லாபம் அடைந்தது யார்? மனை வைத்திருந்தவர்கள். பிழைப்பை நகரத்துக்குள் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது பஸ் டிக்கெட் செலவு.

பயத்தை எண்ணில் அளந்தவர்களும் இருக்கிறார்கள். வரிச்சலுகை பெற்றுக் கட்டப்படும் மலிவு வாடகைக் குடியிருப்புகளை அமெரிக்காவில் ஆராய்ந்து, ரெபெக்கா டைமண்டும் டிம் மெக்குவேடும் 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கட்டடம் வந்தால், மிக அருகிலிருக்கும் வீடுகளின் விலை 6.5 சதவீதம் கூடியது. வெள்ளையர் மிகுந்த வசதியான வட்டாரத்தில் 2.5 சதவீதம் குறைந்தது. வீடு அதேதான், வட்டாரம்தான் வேறு.

விலை ஒருபுறம் இருக்கட்டும், குலுக்கலில் வீடு விழுந்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? அகமதாபாத்தில் 1987-ல் ஏழைப் பெண்களுக்கு நகரின் ஓரத்தில் வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். 14 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், பரிசு பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை. 32 சதவீதம் பேர் வந்து, பிறகு கிளம்பிவிட்டார்கள். சொந்தபந்தமும் வேலையும் பழைய இடத்தில் இருந்தன.

சிங்கப்பூரில் கதை தலைகீழ். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில்தான் அங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வசிக்கிறார்கள். அரசு வீடே அங்கே சந்தை. 99 ஆண்டுக் குத்தகை வீடுதான் என்றாலும், 2024-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீவக வீடுகள் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கும் அதற்கு மேலும் கைமாறின. நல்ல இடத்துப் புதிய வீடுகளை வாங்கினால் பத்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம் என்பது இப்போதைய விதி. மற்றவற்றுக்கு ஐந்து ஆண்டு.