டிசம்பரில் மூன்று வயது, பிப்ரவரியில் நான்கு!

உங்களுக்குத் தெரியுமா?

பந்தயக் குதிரை எந்த மாதத்தில் ஜனித்திருந்தாலும், இந்தியப் பந்தய விதிகளின்படி ஜனவரி 1-ஆம் தேதியன்றே அதற்கு ஒரு வயது கூடிவிடுகிறது. ஆகையால், மும்பை மகாலட்சுமி மைதானத்தில் டிசம்பர் மாதத்தில் மூன்று வயதுக் குதிரைகளுக்கென்றே நடைபெறும் இந்தியன் 2000 கினீஸ் பந்தயத்தில் ஓடிய அதே குதிரை, பிப்ரவரியில், நான்கு வயதுக் குதிரைகளுக்கென்றே விதிக்கப்பட்ட இந்தியன் டெர்பியில் பூரண யோக்யதையுடன் வந்து நிற்கிறது.

• இங்கிலாந்தின் எப்சம் டெர்பியோ மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது.

• தாய், தந்தை இருவரும் வம்சப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால் மட்டும் போதாது. செயற்கைக் கருவூட்டலால் பிறந்த குட்டி, எத்துணை உயர்ந்த குலத்ததாயினும், தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனமாகப் பதிவு பெறவே இயலாது.

• கிண்டியில், 1896-இல் ஸ்தாபிதமான மதராஸ் ரேஸ் கிளப் நடத்திய பந்தயங்களிலும், குதிரையின் திறமைக்கு ஒரு மதிப்பெண் இட்டு, 'நாற்பது முதல் அறுபத்தைந்து வரை' என்பதுபோல் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குட்பட்டவற்றையே ஒரு பந்தயத்தில் சேர்த்து, உயர்ந்த மதிப்பெண் பெற்றதன் முதுகில் அதிக பாரத்தை ஏற்றும் முறை வழங்கிவந்தது. வல்லவனுக்கும் எளியவனுக்கும் ஒருங்கே வாய்ப்பளிக்கும் இவ்விதியே அனைத்திலும் நியாயமானதென்பது என் அபிப்பிராயம்.

• ஒருமுறையேனும் வெற்றி காணாத குதிரைகளுக்கென்று தனிப் பந்தயமும் உண்டு. முதல் வெற்றியோடு அந்தத் தகுதி நீங்கிவிடும்.