பாவித்த காரில் எஞ்சின் சத்தம்: திருத்துவதற்கு முன் அறிய வேண்டியவை

பாவித்த கார் ஒன்றை வாங்கிய சில வாரங்களில் எஞ்சினிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால், பலர் உடனே அயலிலுள்ள கராஜுக்குக் கொண்டு செல்கின்றனர். எஞ்சினைப் பிரித்துத் திருத்திய பின்னர் விற்றவரிடம் இழப்பீடு கோருவது கடினமாகிவிடும். எனவே முதலில் விற்றவருக்கு அறிவியுங்கள்.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால்

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, காரின் வயது, விலை, ஓடிய தூரம் ஆகியவற்றுக்கு ஏற்ற தரம் அதற்கு இருத்தல் வேண்டும். வழமையான தேய்மானம் குறைபாடாகக் கொள்ளப்படமாட்டாது.

• முதல் 30 நாட்களுள்: வாங்கும்போதே குறைபாடு இருந்தது என நீங்கள் காட்டினால், காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம்.
• அதன் பின் ஆறு மாதம் வரை: வியாபாரி தமது செலவில் திருத்தித் தர ஒரு வாய்ப்பு அளிக்க வேண்டும். குறைபாடு முன்பே இருக்கவில்லை என நிரூபிப்பது அவரது பொறுப்பு. திருத்தியும் பயனில்லையெனில் விலைக்குறைப்புக் கோரலாம், அல்லது காரைத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது, நீங்கள் பாவித்த அளவுக்கு ஒரு தொகை கழிக்கப்படலாம்.
• ஆறு மாதத்தின் பின்: நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

“பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்னும் அறிவித்தல் இவ்வுரிமைகளை நீக்காது.

தனியாரிடம் வாங்கியிருந்தால்

உரிமைகள் மிகக் குறைவு. விற்றவர் கூறிய விவரங்களுக்கு மாறாகக் கார் இருந்தால் மட்டுமே பொதுவாகக் கோரிக்கை எழுப்பலாம். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் பாதுகாத்து வையுங்கள்.

சத்தம் கேட்டவுடன்

எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சேதமும் செலவும் பெருகும். சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, திகதியிட்டு விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். தேவையாயின் விற்பனையுடன் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் அறிக்கை பெறுங்கள்.

வாங்குவதற்கு முன்

எம்.ஓ.டி. சோதனையில் தேறியது எஞ்சின் நன்றாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. எஞ்சின், கிளச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை அது ஆராய்வதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீங்களே இயக்கிக் கேளுங்கள். சூடேறிய எஞ்சினில் சில சத்தங்கள் மறைந்துவிடும். காரின் பதிவிலக்கத்தைக் கொண்டு முன்னைய எம்.ஓ.டி. முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கடனட்டையில் செலுத்தியிருந்தால்

காரின் விலை 100 பவுணுக்கு மேல், 30,000 பவுணுக்கு மேற்படாதிருந்தால், முற்பணத்தை மட்டும் கடனட்டையில் செலுத்தியிருந்தாலும் அட்டை நிறுவனத்திடமும் கோரிக்கை விடுக்கலாம்.

உதவி பெற

சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவித் தொலைபேசி: 0808 223 1133. இலவசமாக ஆலோசனை பெறலாம். இணக்கம் ஏற்படாவிடின், 10,000 பவுண் வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்ற முறையில் முன்வைக்கலாம். பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் கைவசம் வைத்திருங்கள்.