மனுவில் எழுதாத கவலை

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். ஏரிக்கால்வாய் ஆக்கிரமிப்பு, மின் இணைப்பு, கரும்பு நிலுவை, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தேக்கம் என்று மனுக்கள் குவியும். ‘ஆறு மாதமாகத் தூக்கமில்லை, மேகம் கறுத்தாலே நெஞ்சு படபடக்கிறது’ என்று மட்டும் யாரும் மனு எழுதுவதில்லை.

கவலை இல்லாத விவசாயம் கிடையாது. 2024 நவம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டம் எளிதில் மறக்காது. மறுநாள் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர வயல்கள் மூழ்கின. அதைப் பார்த்தவருக்கு அடுத்த கார்த்திகையில் வானிலை அறிவிப்பைக் கேட்டதும் வயிறு கலங்கினால் அது கோழைத்தனம் அல்ல.

ஆனால், மழையோடு வந்து மழையோடு போகும் பயம் வேறு. வெயில் காயும்போதும் விடாத பயம் வேறு. ஏறக்குறைய தினமும், ஆறு மாதமாக, அடக்க முடியாத கவலை இருந்தால் அதை மருத்துவர்கள் பதற்ற நோய் என்கிறார்கள். தூக்கம் கெடும். கழுத்தும் தோளும் இறுகும். அசதி விடாது. வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவோம். நம்மில் பலர் இதை மனசின் கோளாறு என்று நினைக்காமல், கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு என்று சொல்லித்தான் மருத்துவரிடம் போகிறோம். அதுவும் நல்லதே, இதயம், சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பூச்சிமருந்து அடித்த ஓரிரு நாளில் தலைவலி, வியர்வை, படபடப்பு வந்தால், எந்த மருந்து அடித்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அது கவலையால் வந்ததாக இல்லாமல், மருந்தின் நஞ்சாகவும் இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணக்கு எழுதும் நோட்டிலேயே கவலைகளையும் எழுதுங்கள். எழுதும்போது ஒன்று தெரியவரும்: பாதிக் கவலைகளுக்குத் தேதியும் அலுவலகமும் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது ஒன்றரை சதவீதம்தான். கடைசி நாளில் அடங்கலுக்காக ஓடாமல், ஒரு மாதம் முன்பே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். ஃபெஞ்சல் நிவாரணமாக, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் கணக்கெடுப்பில் உங்கள் சர்வே எண் ஏறியதா என்று கேட்பதும் அந்த நோட்டில் ஒரு வரி.

மிச்சமிருப்பவை மழை பெய்யுமா, மல்லாட்டை விலை நிற்குமா போன்றவை. இவற்றுக்கு ஒரு நேரம் குறியுங்கள். சாயங்காலம் பால் கறந்து ஊற்றிய பிறகு இருபது நிமிடம் போதும். நடு இரவில் நினைப்பு வந்தால் ‘நாளைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவையுங்கள். முதல் வாரம் முடியாது. பழகப் பழகத்தான் கைகூடும். படபடக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். மூச்சுப் பயிற்சியால் கடன் அடையாது, அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். மறுநாள் வங்கிக்குப் போய்ப் பேசும் தெம்பு கிடைக்கும், அவ்வளவுதான். தூக்கத்துக்கென்று குடிப்பவர்கள் கவனிக்க: மது கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

இதிலும் தீராவிட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ‘பைத்தியம் பார்க்கிற இடம்’ என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. பயிர் மஞ்சளித்தால் வேளாண் அலுவலரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுகிறோமே, இதில் மட்டும் என்ன வெட்கம்? புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இயங்கும் என்பதால் இதற்கென ஒரு நாளை ஒதுக்குங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாமாகவே நடுவில் நிறுத்தக் கூடாது.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் ‘விஷ்ராம்’ என்ற திட்டத்தில், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பேசவைத்தார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடியவர்களின் பங்கு ஆறு மடங்கானது. வயலில் நிற்கும் விவசாயியிடம் ‘ராத்திரி தூங்குறீங்களாண்ணே?’ என்று கேட்பதற்குத் தனி ஆணை எதுவும் தேவையில்லை.

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், சென்னையின் ‘சினேகா’ அமைப்பு இன்னொன்றைச் செய்துபார்த்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்கச் செய்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் ஊரில் பொது அறை இல்லாவிட்டாலும், மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி, மனம் சரியில்லாதவர் கையில் சாவி இல்லாதபடி பார்த்துக்கொள்ளலாம். வாழப் பிடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். மாட்டு வைத்தியர் எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.