கண்ணாடிக்குள் வீதி வலம்

ஜேர்மனியின் ஹம் நகரைச் சேர்ந்த ஊன்ட்றொப்பில், தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே 17 மீற்றர் கோபுரத்தோடு நிற்கிறது காமாட்சி அம்பாள் ஆலயம். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோவில். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் அடியார்கள் வருகிறார்கள். வர இயலாதவருக்காகத் திருவிழாவை 360 பாகைக் காணொளியாகப் பிடித்து மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடியில் காட்டலாம்தான். முன்னே கோபுரம், திரும்பினால் காவடி. ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும். அங்கே நமக்குக் கண் மட்டும் உண்டு. காலும் இல்லை, கையும் இல்லை.

கோவிலில் நாம் சும்மா நிற்பதே குறைவு. வலம் வருகிறோம், திரை விலகக் காத்திருக்கிறோம், மணியோசை வந்த பக்கம் திரும்புகிறோம், வடம் பிடிக்கிறோம். வி.ஆர். வடிவமைப்பும் இங்கேதான் தொடங்குகிறது: வந்தவர் என்ன செய்யலாம், செய்தால் அந்த உலகம் என்ன பதில் தரும்?

நடையை எடுத்துக்கொள்வோம். கைக்கருவியை அழுத்தி முன்னே போனால், கண் போகிறோம் என்கிறது, உட்செவி நிற்கிறோம் என்கிறது, பலருக்குக் குமட்டும். அதனால் சுட்டிய இடத்துக்குச் சட்டென்று தாவும் முறையைப் பல விளையாட்டுகளில் வைத்தார்கள். குமட்டல் குறைந்தது. ஆனால் தாவித் தாவிச் சுற்றுவதைப் பிரதட்சிணம் என்று எந்த அம்மம்மா ஒப்புக்கொள்வார்?

ஹம்முக்கு வடக்கே, மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்டைனிக்கே குழுவினர் சொந்தக் காலாலேயே நடக்கவிடும் வேறொரு வழியை அளந்து பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, காட்சியை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், சுமார் 22 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் நடப்பவர் நேராகவே நடப்பதாக நினைத்துக்கொள்வார். வீட்டு ஹோலில் அதற்கு இடமேது? ஆனால் நடப்பவர் திரும்பும்போது ஏமாற்றுவது எளிது. காட்சி திரும்புவதைவிட உடல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திரும்பினாலும் ஆளுக்குத் தெரிவதில்லை. வீதி வலத்தில் நான்கு மூலைகள் உண்டு. நான்கும் வடிவமைப்பாளருக்கு வரம்.

வடம்தான் சிக்கல். கைக்கருவி அதிருமே தவிர, எதிர்த்து இழுக்காது. நாம் வேகமாக இழுத்தாலும் காட்சியில் கை பின்தங்கி வரும்படி செய்தால், பாரம் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். தேருக்கு அதுவும் போதாது என்பேன். ஒற்றை ஆள் இழுத்து நகர்ந்தால் அது பொம்மைத் தேர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ணாடி மாட்டிய இருபது பேர் சேர்ந்து பிடித்தால்தான் சில்லு அசைய வேண்டும் என்று விதி வைக்கலாம். அப்படியானால், அருகில் நிற்பவரைக் கூவி அழைக்கும் வசதியையும் அதற்குள்ளேயே செய்துவைக்க வேண்டியிருக்கும்.