உஷார்! பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கீங்களா? பெயிண்டை நம்பாதீங்க!

ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

கைமாறின ஃபைபர் படகும் பின்னால் மாட்டுகிற ஓபிஎம் எஞ்சினும் வாங்கப் போகிறீர்களா? வாங்கியே ஆகிவிட்டதா? அப்படியென்றால் நாளைக்குப் படகை இறக்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுப் பெண்களும் படியுங்கள். அடகுக்கடைக்குப் போனது உங்கள் நகைதானே!

பாக் நீரிணைக் கரையில் ஒரு கிராமம். ஊர் பேர், ஆள் பேர் எதுவும் வேண்டாம். வளைகுடாவில் சில வருஷம் கஷ்டப்பட்டுவிட்டு ஊர் திரும்பிய பையன். கடல் தெரியும், நீச்சல் தெரியும், வலை தெரியும். ஆனால் அதுவரை அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்தான் பழக்கம். சொந்தப் படகு இதுதான் முதல். தரகர் காட்டிய படகு பளபளவென்று இருந்தது. நீல பெயிண்ட்டின் வாசனைகூட இன்னும் போகவில்லை. எஞ்சினும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. போதாதா? எலுமிச்சம்பழம் கட்டி இறக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் காற்று ஏறியது. படகு ஓர் அலையில் ஏறி விழுந்தபோது பின்பக்கம் ‘மடக்’கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எஞ்சின் இல்லை! மாட்டியிருந்த பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. பின்பக்கம் திறந்துகொண்டதும் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. படகு கவிழ்ந்தது. மூன்று பேர், கவிழ்ந்த படகையும் காலி கேன்களையும் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தண்ணீரில். விடிந்தபிறகு வேறு ஊர்ப் படகு ஒன்று பார்த்துத் தூக்கியது. லைஃப் ஜாக்கெட் மூன்றும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன.

உயிர் தப்பியது. எஞ்சின் போனது. கடன் மட்டும் அசையாமல் நிற்கிறது.

அந்தப் பின்பலகைக்குள் என்ன இருந்தது தெரியுமா? கையால் கிள்ளினால் உதிர்கிற ஈரத் தூள்! ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நிறையப் படகுகளில் எஞ்சின் மாட்டுகிற பலகைக்கு நடுவில் பிளைவுட் இருக்கும். வெளியே மட்டும்தான் ஃபைபர் போர்வை. முன்பு இருந்தவர் போட்ட போல்ட் ஓட்டை, அடைக்காமல் விட்ட ஆணி ஓட்டை, ஒரு மயிரிழை விரிசல், இது போதும். தண்ணீர் உள்ளே போய் மரம் மெதுவாக மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன்மேல் புட்டி தடவி, பெயிண்ட் அடித்து, உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

புதுப் பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள்!

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பின்பலகையை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரைக்கும் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. நடுவில் எங்கேயாவது ‘தொப் தொப்’ என்று மழுங்கினால் அங்கே மரம் செத்துவிட்டது. எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து அழுத்தி ஆட்டுங்கள். கூடவே பலகையும் வளைகிறதா? போல்ட்டைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் கசிகிறதா? வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதைச் சரி செய்யும்வரை கடலுக்குப் போகாதீர்கள். பலகை நல்லதாகவே இருந்தாலும் எஞ்சினைப் படகோடு சேர்த்து ஒரு சங்கிலியால் கட்டிவையுங்கள். ஒரு முழச் சங்கிலி என்ன விலை, எஞ்சின் என்ன விலை?

படகின் அடியையும் விடாதீர்கள். கரையில் ஏற்றி, தண்ணீர் வடிகிற ஓட்டையின் அடைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் தளத்துக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. அந்தக் கனத்தை நீங்கள் தினமும் எண்ணெய் செலவழித்துச் சுமக்கிறீர்கள். கவிழ்ந்தால் மிதக்க வைக்க வேண்டியதும் அதே ஃபோம்தான்! இறக்கும்போது அந்த அடைப்பைத் திரும்ப மாட்ட மறந்து, நின்ற இடத்திலேயே படகை முழுக வைத்தவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள். அனுபவசாலிகளுக்கே நடக்கிறது.

இப்போது எஞ்சின். புதிதாக வாங்குகிறவர்கள் நினைப்பு என்னவென்றால், எஞ்சின் கடலில் ஓடும்போதுதான் தேய்கிறது, கரையில் நிற்கும்போது ஓய்வெடுக்கிறது. நேர்மாறு! நீங்கள் மீனை ஏலம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தபிறகுதான் அதன் உள்ளே உப்பு வேலையைத் தொடங்குகிறது. ஓபிஎம் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் போகிற பாதைகள் எல்லாம் சின்னச் சின்னவை. உப்பு காய்ந்து படிந்து படிந்து அவை அடைபடும். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும்!

ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும். தண்ணீர் உறிஞ்சும் துவாரம் நன்றாக மூழ்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, விசிறியைக் கழற்றிவிட்டு, கியர் போடாமல் மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிஷம் ஓடட்டும். வாசலில் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் டிரம் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் புது எஞ்சினுக்கு அதைவிடப் பெரிய வரிசையில் நிற்க வேண்டிவரும், பாங்கி வாசலில். தண்ணீரே இல்லாமல் ‘சும்மா ஸ்டார்ட் ஆகுதா பார்க்கலாம்’ என்று கரையில் இழுத்துப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது, கருகிவிடும். விற்க வந்தவர் அப்படி ஓட்டிக் காட்டினாரா? அந்த இம்பெல்லரைப் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஒழுங்காக ஓடுகிற எஞ்சினுக்கே அதை வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஓடும்போது எஞ்சினின் பின்பக்கம் ஒரு சின்ன துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஸ்டார்ட் ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நின்றுவிட்டதா? உடனே எஞ்சினை நிறுத்துங்கள்! ‘கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே வேண்டாம். பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை உறிஞ்சும் வாயில் ஒட்டியிருக்கும். எடுத்துப் போட்டால் தீர்ந்தது. எடுக்காமல் ஓட்டினால் எஞ்சினே தீர்ந்தது.

கியர் ஆயிலையும் பாருங்கள். எஞ்சின் காலடியில் இருக்கிற திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஆயில் வடியும். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உஷார்! சீல் போய்த் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் தொழிலிலேயே இருக்கிறது. அறுந்த தூண்டில் நரம்பும் வலை நூலும் விசிறித் தண்டில் சுற்றிச் சுற்றி சீலை அறுத்துவிடும். அவ்வப்போது விசிறியைக் கழற்றி நரம்பைப் பிடுங்கிப் போடுங்கள். எஞ்சின் காலில் ஒரு ஜிங்க் கட்டியும் இருக்கும். அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். அழகு பார்த்து அதன்மேலும் பெயிண்ட் அடித்துவைக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் ஏறினால் கட்டி வேலை செய்யாது. உங்கள் எஞ்சின் அரிக்கும்.

எண்ணெய் விஷயம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பழைய ஸ்கூட்டர் டூ-டி ஆயிலை ஊற்றுகிறார்கள். வேண்டாம்! தண்ணீரில் குளிர்கிற எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில் தனியாக இருக்கிறது. பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி கணக்கு. புது பிஸ்டன் போட்டிருந்தால் ஆரம்பத்தில் கூடுதலாக வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு வேறு. கையேட்டைப் பாருங்கள், மெக்கானிக்கைக் கேளுங்கள், கண்ணளவு ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினைப் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நிறுத்துவதற்கு முன்னும் கொஞ்சநேரம் பெட்ரோலில் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்று, இப்போது பங்கில் ஊற்றுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பல ஓபிஎம் கையேடுகள் 10 சதவீதத்துக்குமேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலில் தண்ணீர் தனியாக அடியில் இறங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களும் உப்பிப் பிசுபிசுக்கும். ஆகவே வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்றைக் குழாயில் மாட்டுங்கள். டேங்கைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் போய்த் தங்கும். பக்கத்தில் பீடி பற்றவைப்பவரைத் திட்டினாலும் தப்பில்லை.

ரிப்பேர் வேலையை நாமே பார்க்கலாம் என்று ரெசினும் ஃபைபர் மேட்டும் வாங்கிவருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரெசினோடு இரண்டு குப்பி தருவார்கள். ஒன்று கேட்டலிஸ்ட், இன்னொன்று ஊதா நிற ஆக்ஸலரேட்டர்.

இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. வெடிக்கும்!

ஒன்றை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கியபிறகுதான் அடுத்தது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பிள்ளைகள் கை எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

எஞ்சினோடு வந்த சிவப்புச் சுருள் கயிறு எங்கே? ‘அது தொல்லையா இருந்துச்சு, கழட்டிட்டோம்’ என்று பழைய ஓனர் சொல்லியிருப்பார். கேபிள் டையால் சுவிட்சைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அது உயிர்க் கயிறு, அய்யா! ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். கயிறு இல்லையென்றால்? ஆளில்லாத படகு நேராகப் போய்விடாது. ஹேண்டில் திரும்பி வட்டமடிக்கும். வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும், சுற்றுகிற விசிறியோடு. கயிறு தொலைந்திருந்தால் புதிதாக வாங்குங்கள். கையிலோ இடுப்பிலோ மாட்டாமல் கியர் போடாதீர்கள்.

எஞ்சின் தண்ணீரில் விழுந்து எடுத்துவிட்டீர்களா? வெயிலில் காயவைக்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். காற்றுப் பட்டதும் துரு வேகமெடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த எஞ்சினைக் கயிறிழுத்தும் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே பட்டறையில் சேருங்கள். முடியாவிட்டால் மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீர் டிரம்மிலேயே முழுக்கி வையுங்கள்.

பாக் நீரிணைக்காரர்களுக்குத் தனியாக ஒரு பயம் இருக்கிறது. எஞ்சின் நின்றால் படகு நிற்காது, நீரோட்டத்தோடு போகும். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. ‘எஞ்சின் ரிப்பேர் சார்’ என்று அந்தப் பக்கம் போய்ச் சொன்னால் எல்லா நேரமும் எடுபடாது. வெளிநாட்டுப் படகுகளுக்கு இலங்கை 2018-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அபராதத்தைப் பல மடங்கு ஏற்றிவைத்திருக்கிறது. நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கை மாற்றாமல் விட்டதற்குச் சிறையும் படகு பறிமுதலுமா? மாற்று பிளக், பிளக் ஸ்பேனர், இழுகயிறு, இரண்டு துடுப்பு, நங்கூரம் இவை எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. மீன்வளத்துறைப் பதிவு பழைய ஓனர் பேரிலேயே கிடக்கிறதா? ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்றாரா? மானிய எண்ணெய் உங்களுக்கு வராது. புயலில் படகு போனால் நிவாரணம் கேட்டு அலைய வேண்டியதும் நீங்கள்தான். எஞ்சின் நம்பரும் காகிதத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று கையால் தேய்த்துப் பாருங்கள். நம்பர் ராவப்பட்டிருந்தால் அது திருட்டு எஞ்சினாக இருக்கலாம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வாருங்கள்.

கடைசியாக, கரையில் காத்திருக்கிறவர்களுக்கு. படகு எத்தனை மணிக்குப் போனது, எந்தப் பக்கம் போனது, யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள், இதை ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். சொன்ன நேரம் தாண்டி, போனும் எடுக்கவில்லை என்றால் முதலில் ஊர்த் தலைவரிடமும் பக்கத்துப் படகுக்காரர்களிடமும் சொல்லுங்கள். அடுத்த போன் அந்த நம்பர்களுக்கு. ‘வந்துடுவாங்க, ஊர் சிரிக்கும்’ என்று விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதுதான் தேடுகிறவர்களுக்குக் கண் தெரியும்.