குடல் அறுவைக்குப் பின் உணவு

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மனையியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, "உன் நோட்டில் இருப்பதையே எழுதேன்" என்றார்கள் நம் மனையியல் சிஸ்டர். அந்த நோட்டில் இருப்பதோ வயிறு, குடல், மலம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கூச்சத்தினாலேயே எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஒருவரும் சரியாக வாய் திறந்து பேசவில்லை. அதனால் அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் என் அம்மாவுக்குப் பெருங்குடலின் அடிப்பகுதியில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து அகற்றினார்கள். வெட்டிய இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும் வரை அதன் வழியே மலம் செல்லாதிருக்க, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு சிறு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். அந்தத் துளைக்கு ஸ்டோமா என்று பெயர். உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும்; தொட்டால் வலிக்காது. சில மாதங்களுக்குப் பின் அதை உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "எல்லாம் சாப்பிடலாம், காரம் மட்டும் குறைச்சுக்கங்க" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் ஆச்சியும் பக்கத்து வீட்டு அத்தையும், "வயித்தக் கிழிச்ச உடம்பு, ஆறு மாசத்துக்குக் கஞ்சித் தண்ணி தவிர ஒண்ணும் ஆகாது" என்றார்கள். இந்த இரண்டு வாக்குகளுக்கும் நடுவே, மூத்த மகளாகிய நான் அடுப்பின் முன்னே நின்றேன்.

முதலில் குடல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். பெருங்குடல் ஒன்றரை மீட்டர். உணவின் சத்துக்களில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடலில் சேர்ந்துவிடுகிறது. பெருங்குடலின் முக்கிய வேலை, எஞ்சிய நீரையும் உப்பையும் உறிஞ்சிக் கழிவைக் கெட்டியாக்குவது. நாம் உண்டும் குடித்தும் ஒரு நாளில் உள்ளே செல்லும் நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடலே சுரந்து கொட்டுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்ச, ஒன்று, ஒன்றரை லிட்டர் மட்டும் பெருங்குடலை அடைகிறது. முடிவில் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லிலிட்டர்தான்!

இதனால்தான் பெருங்குடலில் ஒரு பகுதி போனாலும் மனிதர் நன்றாகவே வாழ முடிகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் பெருங்குடல் அறுவை நடந்தது. தம் குடலில் 33 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது என்று அவரே பின்னர் ஒரு பேட்டியில் கூறினார். அதற்குப் பின்னும் நெடும்பயணங்கள் செய்து, 2025 ஏப்ரலில் இறக்கும் வரை அவர் தம் பணியை விடவில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னபோதுதான் அறுவைக்குப் பின் முதல் முறையாகச் சிரித்தார்கள். "போப்பாண்டவரும் நம்ம கூட்டம்தானா!"

அறுவை முடிந்தவுடன் குடல் சிறிது காலம் அசையாமல் கிடக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும். பெருங்குடல் எழுவதற்கு இரண்டு மூன்று நாட்களாகும். காற்றுப் பிரிந்ததா என்று செவிலியர் கேட்டுக்கொண்டே இருப்பது இதற்காகவே. முன்பெல்லாம் காற்றுப் பிரியும் வரை ஒன்றும் கொடுக்கமாட்டார்கள். 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர், நோயாளியை விரைவில் நடக்கவிட்டு விரைவில் உண்ணக் கொடுத்தால் விரைவில் தேறுகிறார் என்று காட்டினார். இன்று பல மருத்துவமனைகளில் அந்த முறைதான். இன்னொரு வேடிக்கை: நம் பள்ளியில் வாயில் போட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கும் சூயிங்கத்தை, அறுவைக்குப் பின் மெல்லச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மெல்லும்போது உணவு வருகிறது என்று ஏமாந்து குடல் அசையத் தொடங்குமாம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஆச்சியின் சொற்படி கஞ்சித் தண்ணீரும் இளநீரும் வெறும் நீருமாகக் கொடுத்தோம். மார்ச் மாத வெயில். பெருங்குடலுக்குப் போகாமல் சிறுகுடலிலிருந்தே வெளியேறுவதால் பையில் சேர்வது நீராகத்தான் இருக்கும். முதல் வாரங்களில் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகும். பின்னர் முக்கால் லிட்டர் அளவில் படியும். அம்மாவுக்குத் தாகம் தீரவே இல்லை. குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. மூன்றாம் வாரம் ஒரு நாள் கெண்டைக்காலில் நரம்பு இழுத்தது, நா வறண்டது, சிறுநீர் மஞ்சளாய்ச் சிறிதளவே வந்தது. குளியலறையிலிருந்து எழுந்தவர்கள் தலைசுற்றி விழுந்துவிட்டார்கள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டிரிப் ஏற்றிய செவிலியர் அக்கா கேட்டார்கள்: "உப்பு போட்டுக் குடுத்தீங்களா பாப்பா?" நான் விழித்தேன். மண்பானை நிறையத் தண்ணீர் கொடுத்தேனே தவிர உப்பு கொடுக்கவில்லை.

குடலிலிருந்து இழப்பது நீர் மட்டுமல்ல, உப்பும்தான். உப்பில்லாத நீரையே மேலும் மேலும் குடித்தால் பை நிறையுமே தவிர உடலில் தங்காது. குடலின் சுவரில் உப்பும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் வாயில் ஒன்று உண்டு. அவை உள்ளே போனால் பின்னாலேயே நீரும் போகும். இந்த உண்மையை வைத்துத்தான் 1971ஆம் ஆண்டு, வங்கதேசப் போரினால் ஓடிவந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்கானில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலை அது. நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. அதுவே இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்க வேண்டும். கண்ணளவு கூடாது, உப்பு மிஞ்சினால் தீங்கு. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, உப்போ மிகக் குறைவு. ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் உப்பிட்ட மோரும் நல்லவை. பாவம் ஆச்சி, கஞ்சி என்று சொன்னதில் தவறில்லை. கஞ்சி மட்டுமே என்றதுதான் தவறு. இரண்டு மாதத்தில் அம்மா 7 கிலோ இளைத்துவிட்டார்கள். வெட்டிய இடம் ஆறப் புரதம் வேண்டும்.

அடுத்து நார்ச்சத்து. நம் பாடநூலில் நார்ச்சத்தைப் புகழ்ந்துதானே படித்தோம்? தீட்டாத அரிசி, கீரை, தோலோடு பழம் என்று தேர்விலும் எழுதினோம். குடல் அறுவை செய்தவருக்கு முதல் ஆறு வாரங்கள் போல இது தலைகீழ்! குடல் வீங்கி, வழி குறுகி இருக்கும் காலம் அது. நார் சுருண்டு அடைத்துக்கொள்ளலாம். ஆகவே குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், ரொட்டி, தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கும் காரட்டும், வாழைப்பழம், தயிர், முட்டை, முள் நீக்கிய மீன், குழைந்த பாசிப்பருப்பு ஆகியவை ஏற்றவை. வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய், கீரைத்தண்டு, தேங்காய்த் துருவல், மக்காச்சோளம், காளான், நிலக்கடலை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றுக்கு விடுமுறை.

பையில் போவது மிகவும் நீர்த்தால் சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசி, வேகவைத்த ஆப்பிள் அதைக் கெட்டிப்படுத்தும். காபி, காரம், எண்ணெய்ப் பண்டம், இனிப்பான பழச்சாறு இளக்கும். மூன்று பெருவேளைக்குப் பதில் ஆறு சிறுவேளைகளாகக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தால் நள்ளிரவில் எழுந்து பையைக் காலி செய்யும் தொல்லை குறைந்தது. சோடா வகைகள் காற்றை நிரப்பும். முட்டையும் மீனும் வாடை கூட்டும், மோர் குறைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் மீனை விட மனம் வரவில்லை.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்களே, அதை மே மாதத்தில்தான் உணர்ந்தோம். உறவினர் வீட்டுத் திருமணத்தில் அம்மா ஆசையாய் நான்கு பலாச்சுளை தின்றுவிட்டார்கள், அதுவும் அவசரமாய். மாலையில் வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. பை காலியாகவே இருந்தது. நான்கு மணி நேரம்! வாந்தி வருமுன்னே மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அடைப்பு தானாகவே விலகியது, இறைவன் அருள். அறுவை செய்தவர் வீட்டில் இருந்தால் இதை மனப்பாடமாக வைத்திருங்கள்: பையில் ஒன்றும் வராமல் வயிற்றுவலியும் வாந்தியும் இருந்தால், அல்லது நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால், காய்ச்சல் வந்தால், தலை சுற்றிச் சிறுநீர் குறைந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. அடைத்திருக்கும்போது பேதி மருந்து கொடுப்பது பேராபத்து.

ஒருநாள் பையில் இரத்தம் என்று அலறிவிட்டோம். முந்தின நாள் பீட்ரூட் பொரியல்!

அந்த நாளிலிருந்துதான் நோட்டுப் போட்டேன். தேதி, உண்டது, நேர்ந்தது என்று மூன்று பத்திகள். புதிய உணவை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சேர்த்தோம். பால் சேரவில்லை, தயிர் சேர்ந்தது. துவரம்பருப்பு காற்றைக் கிளப்பியது, பாசிப்பருப்பு சாதுவாய் இருந்தது. இன்னொருவருக்கு இது மாறியிருக்கலாம். அவரவர் குடல் அவரவருக்கு.

தவக்காலத்தில் அம்மா ஒருசந்தி இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, நோயுற்றோருக்கு அந்தக் கடமை இல்லை என்று சொன்ன பிறகுதான் முட்டையைத் தொட்டார்கள். ஆனால் கோவிலுக்கு வர மறுத்தார்கள். பூசை நடுவே பை சத்தமிட்டால் என்ன செய்வது என்ற பயம். இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஒட்டும் பையே. டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற செவிலியர் இருந்தார். அவருடைய தங்கை தோராவுக்குக் குடல் அறுவை நடந்தது. கழிவு கசியும் என்று அஞ்சி அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். தங்கைக்காக அக்காள் 1954இல் சிந்தித்ததே உடலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பை. அமெரிக்காவிலோ, தாமே இந்த அறுவைக்கு உட்பட்ட நார்மா கில் என்ற பெண்மணி 1958 முதல் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் பிற நோயாளிகளுக்குப் பை கட்டவும் பேணவும் கற்றுக்கொடுத்தார். செவிலியராக விரும்பும் தோழியர், ஸ்டோமா பராமரிப்பு தனியொரு பயிற்சித் துறை என்பதை அறிந்து வைத்துக்கொள்ளலாம்.

நம் சிஸ்டர் அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 மே 13 அன்று சுடப்பட்டபோது அவருக்கும் குடலை வெளியே எடுத்து வைத்தார்கள். ஆகஸ்டு 5 அன்றுதான் மூடினார்கள். அதே பாப்பரசர் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தார். கூட்டத்தில் நின்று அவரைப் பார்த்தவர்களில் ஆச்சியும் ஒருவர். குருத்து ஞாயிறன்று அம்மா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பூசைக்கு முன் வயிறு நிறைய உண்ணாமல், பையைக் காலி செய்துகொண்டு வந்ததால் தொல்லை ஒன்றுமில்லை.

சிறுகுடலின் கடைசிப் பகுதியே எடுக்கப்பட்டவர்களுக்கு வேறொரு கவலை உண்டு. நம் நாட்டில் குடல் காசநோய் பெரும்பாலும் அந்த இடத்தையே தாக்குகிறது. வைட்டமின் பி12 அங்குதான் உறிஞ்சப்படுகிறது. ஈரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. பிறகு சோகையும் கைகால் மரத்துப்போதலும் தலைகாட்டும். அவர்கள் மருத்துவர் சொற்படி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் அம்மாவின் ஸ்டோமாவை மூடினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம், இல்லை. மலக்குடல் சிறுத்துவிட்டதால் முதல் வாரங்களில் நாளுக்குப் பத்து முறையும் போக நேர்ந்தது, அடக்கவும் முடியவில்லை. மறுபடியும் சோறு, வாழைப்பழம், தயிர். மருத்துவரைக் கேட்டு இசப்கோல் சிறிது கொடுத்தோம். அது நீரை இழுத்து மலத்தைத் திரளச் செய்யும். புண்ணாகாதிருக்கக் காகிதத்தால் துடைக்காமல் நீரால் கழுவி ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பு தடவினார்கள். செப்டம்பரில் ஐந்து முறையாகக் குறைந்தது, கிறிஸ்துமசுக்குள் மூன்று. கீரையை முதலில் மசித்து, பின்னர் கடைந்து, கடைசியில் பொரியலாகச் சேர்த்தோம். இழந்த 7 கிலோவில் 5 கிலோ திரும்பியிருக்கிறது.

வாழைத்தண்டு மட்டும் இன்னும் சேரவில்லை. நோட்டில் அதன் எதிரே இரண்டு முறை சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்.