நான் கேட்ட கேள்வி... மகன் பெயரில் போனது!



இந்தப் பகுதியை வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. சமையல் குறிப்பு அனுப்பலாம், கோலம் அனுப்பலாம் என்று பலமுறை பேனாவை எடுத்து, அப்படியே மூடி வைத்திருக்கிறேன். இப்போது எழுதுவது குறிப்பு இல்லை. என் வீட்டில் நடந்த விஷயம். "எழுதுங்க அத்தை, பேர் மட்டும் போடாதீங்க" என்று என் மருமகள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 63. ஊர் தஞ்சாவூர். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். அமெரிக்காவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். மருமகளும் அங்கே வேலைக்குப் போகிறாள். 2023-ல் லீவில் வந்தபோது மகன் தன் பழைய ஐபோனை என்னிடம் கொடுத்து, "அம்மா, இனிமே இதுதான் உனக்கு" என்றான். என் சிம்மைப் போட்டான். வீடியோ காலில் பேசவும், வாட்ஸ்அப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவும் சொல்லிக் கொடுத்தான். கிளம்பும் அவசரத்தில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. போனில் இருந்த அவனுடைய ஆப்பிள் ஐடியை எடுக்கவில்லை. "பாஸ்வேர்டு கேட்டா இதைப் போடு" என்று என் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. 2024 புரட்டாசியில் 'அப்டேட் செய்யவும்' என்று போன் தினமும் கேட்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தவள், சரி என்று அழுத்திவிட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்புறம் போன் என்னென்னவோ கேட்டது. நான் எதையும் படிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் 'கன்டினியூ'. பாஸ்வேர்டு கேட்டபோது பால் கணக்கு நோட்டைப் பார்த்து அதையும் போட்டேன். பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது! கணவரிடம்கூட பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"அக்கா, உன் பிள்ளைக்கு என்ன ஆச்சு? 'ஏண்டி, முட்டி வலி எப்படி இருக்கு, தைலம் தேய்ச்சியா'ன்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்கான்! சித்தியை 'ஏண்டி'ங்கிறானே!"

அந்த மெசேஜை அனுப்பியது நான். அவளும் மகள் வாங்கிக் கொடுத்த ஐபோன்தான் வைத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பும் பச்சை நிறம், இந்தப் போனோடு வருகிற மெசேஜும் பச்சை நிறம். அப்டேட் ஆன பிறகு எது எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டிருந்தவள், கண்ணாடி போடாமல் இரண்டாவதைத் தொட்டிருக்கிறேன். அது சரி, என் போனிலிருந்து போனது ஏன் மகன் பெயரில் போக வேண்டும்? அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, கொலு எப்படி வைப்பது என்று பேசப் போய்விட்டோம். அன்றே மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்...

மறுநாள் திங்கட்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். தூக்கம் வரவில்லை. அங்கே மத்தியானம் இரண்டு மணி, மருமகள் சாப்பிட்டு முடித்திருப்பாள் என்று நினைத்து, அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

"என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா? நல்ல சேதி சொல்லு."

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பெண்ணிடம் இதைக் கேட்காத மாமியார் நம்மில் எத்தனை பேர்? 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதுபோல நான் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவளும் "இல்ல அத்தை" என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பிவிடுவாள்.

இந்தத் தடவை பொம்மை வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து வந்த பதிலை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

"ஹார்ட் பீட் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒன்பது வாரம்னு சொன்னாங்க. உடனே வாங்க. அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, ப்ளீஸ். சொன்னா கேள்வி மேல கேள்வி வரும். பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை."

இரண்டு தடவை படித்த பிறகுதான் உறைத்தது. இது எனக்கு எழுதியது இல்லை. என் கேள்வி புருஷன் கேட்டதாக அவளுக்குப் போயிருக்கிறது. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்து, அந்நிய ஊரில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம், 'விசேஷம் உண்டா' என்று அவள் கணவனே கேட்டதுபோல!

கணவரை எழுப்பினேன். படித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நமக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. அவங்களா சொல்லும்போது சொல்லட்டும்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

ஆனால் மெசேஜ் அதோடு நிற்கவில்லையே! அவள் அவனுக்கு எழுதுவதும், அவன் அவளுக்கு எழுதுவதும் செவ்வாய்க்கிழமை முழுக்க என் போனில் டிங் டிங் என்று வந்து விழுந்தன. மாத்திரை வாங்கியாச்சா, ஆபீஸுக்கு என்ன சொன்னே, சூப் வச்சிருக்கேன், தூங்கினியா... நான் போனைக் கவிழ்த்து வைத்திருக்கலாம், அணைத்தே போட்டிருக்கலாம். செய்யவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்தேன். கவலையில்தான் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கவலை மட்டுமில்லை, என்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கிற ஆசையும் இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆனது 1984-ல். கூட்டுக் குடும்பம். எங்கம்மா வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவார். ஒன்றுகூட ஒட்டியபடி என் கைக்கு வந்ததில்லை. மாமியார் பிரித்துப் படித்த பிறகுதான் வரும். ஒருமுறை அம்மா, 'உடம்பு இளைச்சிருக்கியே, வேளாவேளைக்குப் பால் குடுக்கறாங்களா' என்று எழுதிவிட்டார். மறுநாள் காலையில், கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாமியார் ஒரு பெரிய சொம்பு நிறையப் பால் கொண்டுவந்து என் எதிரே வைத்தார். "குடிம்மா, உங்கம்மா கேட்டிருக்காங்க" என்றார். நான் அந்தப் பாலைக் குடித்தேன். அதற்குப் பிறகு எங்கம்மா உயிரோடு இருந்தவரை என் கஷ்டம் எதையும் அவருக்கு எழுதியதில்லை. எனக்கு ஒரு மருமகள் வந்தால் அவள் தபாலைத் தொடக்கூட மாட்டேன் என்று அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டவள் நான். இந்த நாற்பது வருஷத்தில் தபால் போய் போன் வந்துவிட்டது. நானோ திண்ணையில் உட்கார்ந்து கடிதம் பிரித்துக்கொண்டிருக்கிறேன்!

புதன்கிழமை காலை ஆறு மணி. அங்கே செவ்வாய் ராத்திரி எட்டரை. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மறுபடியும் டிங்.

"ஸ்கேனுக்குப் போயிருக்கேன்னு தெரிஞ்சும் விசேஷம் உண்டான்னு கேக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நான் எப்பக் கேட்டேன்?"

"உங்க பேர்லதானே வந்திருக்கு. அழிச்சுட்டு இல்லைன்னு சொல்லாதீங்க."

"சத்தியமா நான் அனுப்பலை."

அவள் பதில் போடவில்லை. அவன் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதினான். அதற்கும் பதில் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அறையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார்கள் என்று புரிந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்தேன். "இரு, அவசரப்படாதே" என்று கணவர் சொல்லச் சொல்ல மகனுக்குப் போன் போட்டேன். நான் சும்மா இருந்தால் என் பிள்ளை செய்யாத தப்புக்குக் குற்றவாளியாக நிற்பான். அந்தப் பெண் இருக்கிற துக்கத்தோடு இதையும் சேர்த்துச் சுமப்பாள்.

"ஸ்பீக்கர்ல போடுப்பா, அவளும் கேக்கட்டும்" என்றேன். "அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தாம்மா. எப்படியோ உன் புருஷன் பேர்ல வந்திருக்கு. நீ போட்ட பதில் எனக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததையும் படிச்சேன். தப்புதான். மன்னிச்சுடும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அவள், "எல்லாத்தையுமா அத்தை?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மகன்தான் மிச்சம் பேசினான். அவன் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. ஆப்பிள் ஐடி என்பது கதவு எண் மாதிரியாம். 2011-ல் வந்த ஐமெசேஜ், ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகிற மெசேஜ், செல் நம்பருக்கு மட்டும் போவதில்லை. அந்த ஐடிக்கும் போகும். ஒரே ஐடி எத்தனை போனில் இருக்கிறதோ, அத்தனையிலும் வந்து விழும். அனுப்பும்போதும் அந்த ஐடி யாருடையதோ அவர் பெயரில்தான் போகும். எனக்குப் போனைக் கொடுக்கும்போது மகன் ஐமெசேஜை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறான். அப்டேட் ஆனபோது நான் 'கன்டினியூ, கன்டினியூ' என்று அழுத்தி, பாஸ்வேர்டும் போட்டு அதைத் திறந்துவிட்டிருக்கிறேன். "உன் ஐடி புதுசா ஒரு போன்ல சேர்ந்திருக்குன்னு எனக்கு ஒரு அறிவிப்பு வந்துச்சும்மா. ஆபீஸ் வேலையில படிக்காம தள்ளிட்டேன்" என்றான். ஆகக் கூடி, கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்கு எழுதி வைத்தது நாங்கள்தான்.

அன்றே சரிசெய்தோம். செட்டிங்ஸில் மெசேஜஸ் என்று இருக்கிறது. அதற்குள் 'சென்ட் அண்ட் ரிசீவ்' என்று ஒரு வரி. அதைத் தொட்டால் எந்தெந்த நம்பர், எந்தெந்த இமெயிலுக்கு வருவது இந்தப் போனுக்கும் வரும் என்ற பட்டியல் தெரியும். என் போனில் மகனின் நம்பர், அவன் இமெயில் இரண்டுக்கும் டிக் இருந்தது! அவற்றை எடுத்தோம். பிறகு அவன் ஐடியிலிருந்து வெளியே வந்து, என் பெயரில் புதிதாக ஒன்று போட்டோம். இதற்கு 2024 முதல் ஆப்பிள் அக்கவுண்ட் என்று பெயராம், எனக்கு ஐடி என்றே வாயில் வருகிறது. வாங்கின பாட்டு, ஆப் எல்லாம் வீட்டில் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே ஐடி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கும் தேவையில்லை. 'ஃபேமிலி ஷேரிங்' என்று 2014-லேயே வந்துவிட்டது. ஆறு பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் தனி ஐடி. பிள்ளைகளின் பழைய போனை வாங்கிக்கொள்ளும் சகோதரிகள், "உன் ஐடியை எடுத்துட்டு, எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுப்பா" என்று கேட்டு வாங்குங்கள். பால் கணக்கு நோட்டில் பாஸ்வேர்டு எழுதுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

போனைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. மருமகள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மகனிடம் கேட்டால், "கொஞ்ச நாள் விடும்மா" என்பான். நானாக எதுவும் அனுப்பவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "கார் ஓட்டறா, ராத்திரி பகலா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றா, அதனாலயா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தெரியவந்த கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைகிறது, முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் சரியாக அமையாததால்தான், வேலைக்குப் போவதாலோ கார் ஓட்டுவதாலோ இல்லை என்றார். "இதை உங்க மருமகள்கிட்ட நீங்க கேட்டுடாதீங்கம்மா" என்றார் கடைசியில். நான் கேட்டிருப்பேன். அவள் பயந்தது சரிதான், கேள்வி மேல் கேள்வி என்று அவள் எழுதியது இதைத்தான்.

அக்டோபர் 31-ம் தேதி தீபாவளி. அதற்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி அவளே போன் செய்தாள்.

"அத்தை, தீபாவளி மருந்து கிளறலாம்னு பாக்கறேன். கண்டந்திப்பிலி இங்க கிடைக்கலை. சுக்கும் மிளகும் மட்டும் போட்டா போதுமா?"

"தாராளமாப் போதும்மா, வெல்லத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அளவை எழுதி அனுப்பச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்து, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அவள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"வந்துச்சாம்மா? யார் பேர்ல வந்திருக்குன்னு பாரு" என்றேன்.

"உங்க பேர்லதான் வந்திருக்கு அத்தை" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்